ஞானஸ்நானப் பதிவேடும் மரபணுச் சோதனையும்

(பொன்விழா ஆயத்த நாட்களில் குடும்பங்களுக்கென நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் நம்மை அணுகி, இன்று மாலை குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தார்கள். குடும்பச் செபத்தைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் நேற்று இம்மேடையில் பேசியவர்கள் நம்மைவிட நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே, சில ஆண்டுகளாகப் பங்கு அலுவலகத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் வேறொரு செய்தியை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

முன்னெல்லாம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் இரண்டு காரியத்துக்காகத்தான் வருவார்கள். ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று கலியாணம். இப்போது மூன்றாவது கூட்டம் ஒன்று வருகிறது. "ஃபாதர், எங்கள் கொள்ளுத் தாத்தா எந்த ஊர்? பழைய புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் கையில் கைப்பேசி. அதில் மரம்போலக் கிளைவிட்ட ஒரு படம். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் மகள் தன் எச்சிலை ஒரு சிறு குழாயில் துப்பி அனுப்பி, மரபணுச் சோதனை, அதாவது டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டிருக்கிறாள். முடிவு வந்திருக்கிறது. முன்பின் கேட்டறியாத ஒருவர் அதில் "நெருங்கிய உறவினர்" என்று காட்டப்பட்டிருக்கிறார். அவர் யார் என்று சாமியார் புத்தகத்தைப் புரட்டிச் சொல்ல வேண்டுமாம்!

இந்த ஆவலை நாம் குறை கூறவில்லை. பூர்வீகம் தேடும் ஆசை நம் பகுதி மக்களுக்கு இருப்பது இயல்பே. ஏனென்றால் தாம்பரம் என்பது வந்து சேர்ந்தவர்களின் ஊர். டாக்டர் சவுரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்கு மருத்துவ நிலையம் நிறுவினார். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து இங்குவரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே இடம்பெயர்ந்தது. பின்னர் விமானப்படை, அதன்பின் 1984-இல் ஏற்றுமதி வளாகம். ஒவ்வொன்றோடும் ஒரு கூட்டம் வந்தது. நெல்லைச் சீமையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்தவர்கள், செங்கற்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள் என எல்லாரும் சேர்ந்ததே இப்பக்கத்துப் பங்குகள். இந்தக் கூடத்தில் "நான் இந்த மண்ணுக்காரன்" என்று சொல்லக்கூடியவர்கள் பத்துப்பேர் இருந்தால் அதிகம். நம் பங்கின் புத்தகமோ ஐம்பது ஆண்டுப் புத்தகம். அதற்கு முந்தியது தாய்ப் பங்கில் இருக்கிறது. அதற்கும் முந்தியது நீங்கள் விட்டுவந்த ஊரில் இருக்கிறது.

புத்தகம் என்றோமே, அதன் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள். திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் பங்குக் குரு ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்குநூல் இறந்தோரையும் எழுதச் சொல்லிற்று. அரசாங்கம் பிறப்பையும் இறப்பையும் எண்ணத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே, கூலிக்காரன் மகளின் பெயரும் பண்ணையார் மகனின் பெயரும் ஒரே ஏட்டில், ஒரே மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டன. கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய பாவம் நம் நாட்டுத் திருச்சபைக்கு உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஞானஸ்நானப் புத்தகத்தில் வரிசை என்பது தேதி வரிசைதான்.

அந்த ஏட்டைப் படிப்பது எளிதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலம்வரை பெரும்பாலும் இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் ஞானப்பிரகாசம் என்று அழைக்கப்பட்டவர் புத்தகத்தில் அலோய்சியுஸ். இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஆசிரியர் அதையே பீட்டர் என்றும் பால் என்றும் ஜான் என்றும் மாற்றிவிட்டிருப்பார். ஒரே மனிதனுக்கு மூன்று பெயர்! நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வெள்ளைக்காரர்களுக்கென்று அமைந்த இணையதளத்தில் "அந்தோணி" என்று போட்டுத் தேடினால் என்ன கிடைக்கும்? ஆயிரம் அந்தோணிகள் கிடைப்பார்கள், உங்கள் அந்தோணி கிடைக்க மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1952-இல் சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலை மறைமாவட்டமும் ஒன்றாக இணைந்தன. அதற்குமுன் அருகருகே இருந்த கோவில்கள்கூட வெவ்வேறு ஆயர்களின் கீழ் இருந்ததுண்டு. 2002-இல் செங்கற்பட்டு மறைமாவட்டம் தனியே பிரிந்தது. ஆகவே, "எங்கள் ஊர்ப் புத்தகம் எங்கே?" என்று கேட்கிறவர், எந்த ஆண்டுப் புத்தகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

திருமணப் புத்தகத்தில் ஒரு புதையல் இருக்கிறது, பலர் அறியார். நம்மிடையே மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது வழக்கம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி கொள்ளுப் பாட்டன் ஒருவராயிருக்கும் உறவுவரை திருமணத்துக்குத் தடை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது பாட்டன் ஒருவராயிருக்கும் உறவு என்று சுருங்கியது. தடை இருந்தால் மேலிடத்தில் விலக்குப் பெற வேண்டும். அப்படிப் பெற்ற விலக்கை, இன்ன உறவு என்று குறித்து, குருக்கள் திருமணப் பதிவில் எழுதினார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்ததும், விலக்குப் பெற்றதும், சாட்சிகள் யார் என்பதும் அங்கே இருக்கும். உங்கள் பாட்டனும் பாட்டியும் எவ்வழி உறவு என்பதை அந்த ஒற்றை வரி சொல்லிவிடும்.

சரி, இணையத்துக்கு வருவோம். அதில் பயனில்லை என்று சொல்லமாட்டோம். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு அது பெரும்பேறு. சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். புதுவை, காரைக்கால் வழிவந்தவர்களுக்குப் பிரெஞ்சு அரசின் பழைய பிறப்பு இறப்பு ஏடுகள் இணையத்தில் இருக்கின்றன. நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் கப்பல் பட்டியலும் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற "ட்ரூரோ" கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் அங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் எல்லாம் குறித்தார்கள்.

அந்தப் பட்டியலின் நகலோடு டர்பனிலிருந்து ஒரு தம்பதியர் நம்மிடம் வந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். தமிழ் தெரியாது, ஆனால் செபமாலை கையில். கொள்ளுப் பாட்டனாரின் மாவட்டம் "செங்கல்பட்டு", ஊர் "பெரும்பாக்கம்", சாதி என்ற கட்டத்தில் "கிறிஸ்தவன்". இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வந்திருந்தார்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரும்பாக்கம் ஒன்றா இரண்டா? அவற்றில் எது என்று அந்த எழுத்தர் எழுதவில்லை. நம் கைக்கெட்டிய ஏடுகளை இரண்டு நாள் புரட்டினோம்; கிடைக்கவில்லை. பரங்கிமலைக்கு அழைத்துச் சென்றோம். திரும்பும்போது அந்த அம்மையார், சோழிங்கநல்லூர்ப் பக்கத்துப் பெரும்பாக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அது சரியான பெரும்பாக்கம்தானா என்று அவர் நம்மைக் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

இணையத்தில் பெரிய களஞ்சியம் ஒன்றை அமெரிக்காவின் மோர்மோன் சபையார் நடத்துகிறார்கள். "ஃபேமிலி சர்ச்" என்று பெயர், கட்டணம் இல்லை. 1938 முதல் உலகெங்கும் ஏடுகளைப் படச்சுருளில் பிடித்து, சால்ட் லேக் நகரத்தருகே மலையைக் குடைந்து காத்துவைத்தார்கள். இருபத்துநான்கு லட்சம் சுருள்கள்! பாராட்டத்தக்க உழைப்பே. ஆனால் இறந்தவர்களுக்குப் பதிலாள் நிறுத்தித் தங்கள் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் அச்சபைக்கு உண்டு. ஆகவே 2008-இல் உரோமை, பங்கு ஏடுகளைப் படமெடுக்க அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதிற்று. நம் அலுவலகத்தில் ஏட்டைக் கைப்பேசியில் படமெடுக்க விடுவதில்லை என்று சிலருக்கு மனத்தாங்கல். காரணம் பிடிவாதமன்று. உங்கள் வரிக்கு மேலும் கீழும் இருப்பவை பிறருடைய வரிகள்.

இனி எச்சில் சோதனை. அதன் கணக்கைச் சுருக்கமாகச் சொல்வோம். இங்குள்ள கல்லூரி மாணவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். பெற்றவரோடு பிள்ளைக்கு மரபணுவில் பாதி பொது. பாட்டன் பாட்டியோடு ஏறத்தாழக் கால் பங்கு. சித்தப்பா மகன், மாமன் மகள் ஆகியோரோடு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இரண்டு பேர் எச்சிலை ஒப்பிட்டு இத்தனை பங்கு பொது என்று கணிப்பொறி சொல்கிறது. அதை வைத்து உறவை ஊகிக்கிறது. இங்கேதான் இரண்டு கண்ணிகள் உள்ளன.

முதலாவது, நம் உறவுமுறைத் திருமணம். மூன்று தலைமுறையாக மாமன் மகளையே மணந்த குடும்பத்தில் ஒருவருக்கொருவர் நான்கு வழியில் உறவு. தூரத்து உறவினரும் கணிப்பொறியின் கண்ணுக்கு நெருங்கியவராய்த் தோன்றுவார். இரண்டாவது, எட்டில் ஒரு பங்கு என்பது ஓர் உறவுக்கு மட்டும் உரியதன்று. சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். பாட்டனாரின் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம். தாய்க்கோ தகப்பனுக்கோ ஒருவழியில் மட்டும் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம். எண் ஒன்று, கதை பல. இதை மறந்த ஒரு குடும்பம் பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்வோம்.

சிலர் இச்சோதனையைக் கொண்டு தம் சாதியின் தூய்மையை நிறுவப் பார்க்கிறார்கள். கிறிஸ்தவர்களிலும் இருக்கிறார்கள், நம்மிடமே ஒருவர் வந்து, "எங்கள் வம்சத்தில் கலப்பில்லை என்று புத்தகத்திலிருந்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். ஐதராபாத் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் முதலிய அறிஞர்கள் அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கட் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன. தம் கூட்டத்துக்குள்ளேயே மணப்பது அதன் பின்னரே இறுகிற்று என்கிறது. வந்தவருக்கு இதைச் சொன்னோம். அதன்பின் அவர் நம் பூசைக்கு வருவதில்லை. வேறு கோவிலுக்குப் போகிறாராம்.

மற்றொன்று. "ட்வென்டி த்ரீ அண்ட் மீ" என்னும் பெரிய நிறுவனத்திடமிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரங்கள் களவுபோயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனுக் கொடுத்து, அவ்வாண்டே கைமாறிற்று. எச்சில் கொடுத்தவர்களின் விவரங்களும் சேர்ந்தே கைமாறின. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்குமுன் பத்துப் பேரைக் கேட்கிற நாம், இதை ஒரு கிறிஸ்துமஸ் பரிசாக எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நீங்கள் ஒருவர் கொடுத்தால், உங்கள் உடன்பிறந்தாரும் தாயும் தாயைப் பெற்றவளும் கேளாமலே பாதியும் காலுமாய்க் கொடுத்ததாகிறது.

முன்னே சொன்ன குடும்பத்துக்கு வருகிறோம். இது நம் பங்கில் நடந்ததன்று. தென்சென்னைப் புறநகரில் முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்தது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் இதில் இல்லை. வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் பேசப்பட்டதே. "நான் கண்மூடிய பிறகு சொல்லுங்கள் சாமி, நாலு பேருக்கு உதவும்" என்று அந்த அம்மாளே சொல்லிச் சென்றார்.

அமெரிக்காவில் வேலைபார்க்கும் பேத்தி சோதனை செய்துகொண்டாள். எட்டில் ஒரு பங்கு பொது என்று ஐரோப்பாவில் வாழும் ஒருவர் காட்டப்பட்டார். ஐம்பது வயது, கைக்குழந்தையாய்ச் சென்னையில் ஓர் இல்லத்திலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டவர். இத்தகையோர் பலர் இன்று தேடி வருகிறார்கள். பல்லாவரத்து இல்லமொன்றிலிருந்து டென்மார்க்குக்குப் போன ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2019-இல் தாயைக் கண்ட செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த மனிதரும் மிக்க பணிவோடு கடிதம் எழுதினார். குடும்பம் கூடிப் பேசிற்று. கணக்கிட்டார்கள். பழி யார்மேல் விழுந்தது? இறந்துபோன தாத்தாவின்மேல்! ரயில்வேயில் இரவுப் பணி பார்த்தவர். ஆகவே எங்கோ ஒரு தொடுப்பு வைத்திருந்தார் என்று தீர்ப்பாயிற்று. மூத்த மகன் தகப்பனார் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். மகள் அழுதுகொண்டு நம்மிடம் வந்தார். தாய்வழி மட்டுமே இறங்கும் மரபணுப் பகுதி ஒன்று உண்டு, அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று படித்த பையன் ஒருவன் சொன்னானாம். பார்க்கலாமா என்று கேட்டார்.

பொறுங்கள் என்றோம். யாருடைய வாழ்க்கையைத் திறக்கப் போகிறீர்களோ அவரைக் கேளாமல் திறக்க வேண்டாம் என்றோம். நம் நாட்டுத் தத்தெடுப்பு விதிகளும் இதையே சொல்கின்றன. தத்துப் பிள்ளை தன் வேரைத் தேடலாம். மூன்றாம் மனிதர் தேட இயலாது.

நான்கு மாதம் கழிந்தது. முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றோம். வெறுமையான ஆணியைப் பார்த்தபடி அந்த அம்மாள் பிள்ளைகளைக் கூப்பிட்டார். "உங்கப்பா படத்தை மாட்டுடா. அவர் மேல குத்தமில்லை. அது என் பிள்ளை" என்றார். கலியாணத்துக்கு முன், பதினேழு வயதில், ஒருவன் ஏமாற்றிச் சென்றதும், கன்னியர் ஒருவர் அடைக்கலம் தந்ததும், பதினோரு நாள் குழந்தையை வைத்திருந்ததும் சொன்னார். "உங்கப்பாவுக்குத் தெரியும். சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். ஒரு நாள் கூட வாய் திறந்து கேட்டதில்லை" என்றார்.

படம் மீண்டும் மாட்டப்பட்டது. அந்த மனிதர் மறு ஆண்டு வந்தார். மூத்த மகன் அன்று வீட்டில் இருக்கவில்லை. இன்றுவரை அவர்களுக்குள் பேச்சில்லை என்றே அறிகிறோம். அம்மாள் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். ஐம்பது வயது மனிதர் குழந்தைபோல் வாய் திறந்தார்.

மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணையைக் கோவிலில் வாசிக்கும்போது உங்களில் பலர் கொட்டாவி விடுவதைப் பீடத்திலிருந்து கண்டிருக்கிறோம். அடுத்தமுறை விழித்திருந்து கேளுங்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வரின் பெயரையும் கதையையும் மறைக்க வேறொருவராயிருந்தால் முயன்றிருப்பார், மத்தேயு எழுதிவைத்தார். ஆபிரகாமில் தொடங்கிய வரி எங்கே வந்து சேருகிறது? சூசையப்பரிடம். இரத்தக் கணக்குப் பார்த்தால் அந்த இடத்தில் வரி அறுந்துபோக வேண்டும். அறவில்லை. அந்த ரயில்வேக்காரரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வரும்.

அவருடைய தத்துக் கோப்பில் ஞானஸ்நானத் தேதி இருந்தது. அதைக்கொண்டு அந்த இல்லம் சேர்ந்த பங்கின் ஏட்டைத் திறந்தோம். குழந்தையின் பெயர், தேதி, ஞானத்தாயாக ஒரு கன்னியரின் பெயர். பெற்றோர் கட்டத்தில் "அறியப்படாதவர்" என்னும் பொருளில் இரண்டு இலத்தீன் சொற்கள். திருச்சபைச் சட்டம் 877, மணமாகாத தாய் தானே விரும்பி, எழுத்து மூலமோ இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலோ கேட்டால், அவள் பெயரை எழுத வேண்டும் என்கிறது. அம்மாள் கேட்டார். மகளும் மருமகளும் சாட்சி. ஆயர் இல்லத்தின் அனுமதி பெற்று, அந்தப் பங்குக் குரு ஓரக்குறிப்பாக அவர் பெயரை எழுதினார். அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; விரல் வைத்து, எந்த எழுத்து தன் பெயர் என்று காட்டச் சொன்னார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் இக்கூடத்தில் மேசை போட்டு இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். பிறந்த ஊர், அவ்வூர்க் கோவிலின் பாதுகாவலர், ஞானப்பெற்றோர், வீட்டில் அழைத்த பெயர், பூசைக்கு நடந்து போன வழி என நினைவில் உள்ளதையெல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். பாட்டிமார் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்று இளைஞர்களிடம் சொல்லியிருக்கிறோம். நடக்க முடியாதவர்கள் பெயரை உபதேசியாரிடம் கொடுத்தால், நாமே வீட்டுக்கு வருவோம்.